சரிசெய்து தராத ஒப்பந்ததாரர்: மலையில் வீடு புதுப்பித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டுக் கூரையை ஒரு மார்ச் மாதம் புதுப்பித்தோம். பழைய ஓடுகளை இறக்கிவிட்டு ஒப்பந்ததாரர் வண்ணத் தகடு போட்டுக் கொடுத்தார். ஜூன், ஜூலைச் சாரலைக் கூரை தாங்கியது. ஐப்பசியில் முதல் அடைமழை இறங்கிய இரவு, அடுப்பு மேடைக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கியது. பொழுது விடிவதற்குள் மூன்று வாளி நிறைந்துவிட்டது. "நாளை ஆள் அனுப்புகிறேன்" என்று அவர் சொன்ன நாளை, தை பிறந்தும் வரவில்லை.

வேலையில் குறை வருவது இயல்பு. கூப்பிட்டதும் வந்து பார்த்துச் சரிசெய்து தருபவரை நான் குறை சொல்லமாட்டேன். வராதவரை என்ன செய்வது என்பதுதான் இங்கே கேள்வி. அந்த அனுபவத்துக்குப் பிறகு கோத்தகிரி, கேத்தி, மஞ்சூர் பக்கத்திலிருந்தும் கொடைக்கானல் உறவினர்களிடமிருந்தும் என்னைத் தேடி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்கள் ஒப்பந்ததாரர் "லைசென்ஸ்" உள்ளவர் என்கிறார். அது எந்த லைசென்ஸ்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலர் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். ஒருவருக்குத் தண்டனை தர வேண்டுமானால், அவருக்கு உரிமம் கொடுத்தது யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தனியார் வீட்டைப் பழுதுபார்க்கும் கொத்து வேலைக்கு, கூரை வேலைக்கு, டைல்ஸ் வேலைக்குத் தனி உரிமம் எதுவும் கட்டாயமில்லை. விசிட்டிங் கார்டில் "அரசு பதிவு பெற்ற முதல் வகுப்பு ஒப்பந்ததாரர்" என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் பொதுப்பணித் துறை போன்ற துறைகளில் டெண்டர் எடுப்பதற்கான பதிவு. அரசு வேலையில் தவறு செய்தால் அந்தப் பதிவு போகும். உங்கள் சமையலறை ஒழுகுகிறது என்று அந்தத் துறைக்கு எழுதினால், இது தனியார் விவகாரம் என்றே பதில் வரும்.

உரிமமோ பதிவோ உண்மையாகவே பேசும் இடங்கள் மூன்று. மின் வேலை செய்பவருக்குத் தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் உரிமம் வேண்டும். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறியாளர், 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். தன்னைக் கட்டடக் கலைஞர், அதாவது ஆர்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்பவர், 1972 ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதே குற்றம்.

எனவே வேலை தொடங்கும் முன்பே உரிமத்தின் நகலை வாங்கி, எண்ணையும் முடிவு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கிவிட்டாலும் பாதகமில்லை, இன்றைக்கே கேளுங்கள்.

கலிபோர்னியாவில் இருக்கும் என் மகன், அங்கே ஒரு புகார் கொடுத்தால் ஒப்பந்ததாரரின் லைசென்ஸே பறிபோகும் என்கிறான். இங்கே ஏன் இல்லை?

அவர் சொல்வது சரி. கலிபோர்னியாவில் ஒப்பந்ததாரர்களுக்கென்றே மாநில உரிம வாரியம் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து, 1,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு உரிமம் கட்டாயம். அதற்கு முன் அந்த வரம்பு 500 டாலர். ஒவ்வொருவரும் 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் வைத்திருக்க வேண்டும். செய்த வேலையைச் சரிசெய்ய மறுத்தால் அபராதம், உரிமம் நிறுத்திவைப்பு, ரத்து என்று வாரியம் படிப்படியாகப் போகும்.

இங்கே வீட்டு வேலைக்கு அப்படி ஒரு வாரியம் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலைச்சரிவில் தவறாகக் கட்டிய ஒரு சுவர் கட்டியவரின் வீட்டோடு நிற்பதில்லை. கீழே இருக்கும் நான்கு குடும்பங்களின் தலையில் விழுகிறது. ஆனால் வாரியம் இல்லை என்பதால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் இருக்கும் நுகர்வோர் சட்டம் வலுவானது. எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் நூறு முறை பேசியதைவிட அந்த ஒரு கடிதத்துக்கு மதிப்பு அதிகம். நான் பதினான்கு வாரம் தொலைபேசியில் கெஞ்சினேன், அதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை. கடிதம் எழுதிய நாளில்தான் என் வழக்கு உண்மையில் பிறந்தது.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, சென்ற மார்ச் மாதம் எங்கள் வீட்டுக் கூரையை மாற்றும் வேலையை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பேசி முடித்துக் கொடுத்தீர்கள். முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டீர்கள். அக்டோபர் 17 இரவு முதல், சமையலறைக்கு மேலே இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் நீர் ஒழுகுகிறது. படங்கள் இணைத்துள்ளேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் நேரில் வந்து பார்த்துச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை எந்த நாளும் வீடு திறந்திருக்கும். தவறினால், வேறு ஆளை வைத்துச் சரிசெய்து, அந்தச் செலவையும் ஏற்பட்ட இழப்பையும் உங்களிடமிருந்து பெறச் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்."

"வீடு திறந்திருக்கும்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். "போனேன், உள்ளே விடவில்லை" என்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லும் பதில். கடிதத்தில் வசை வேண்டாம், மிரட்டல் வேண்டாம். இதை நாளை ஒரு மூன்றாம் மனிதர் படிக்கப்போகிறார் என்று எண்ணி எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதே கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அவர் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் கவலை வேண்டாம், திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.

எத்தனை நாள் அவகாசம் கொடுப்பது நியாயம்?

சாதாரணக் குறைக்கு 15 நாள். ஆனால் மலையில் பருவத்தையும் பார்க்க வேண்டும். விடாத மழையில் பூச்சு வேலை செய்ய முடியாது, தகட்டின் மேல் ஆள் ஏற முடியாது. "மழை விட்டதும் செய்கிறேன்" என்று அவர் எழுதிக் கொடுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். தேதி போட்டு எழுதி வாங்குங்கள். மின்கசிவு, சாய்ந்த தடுப்புச் சுவர் போன்ற உயிராபத்துக்கு 24 மணி நேரம்கூட அதிகம். அதற்குக் கடிதம் போட்டுக் காத்திருக்காமல், உடனே அந்த இடத்தை விட்டு ஆட்களை அப்புறப்படுத்துங்கள்.

மழை கொட்டுகிறது. அவர் வரும்வரை ஒழுக விட வேண்டுமா? வேறு ஆளை வைத்துச் சரிசெய்தால் வழக்கு போய்விடுமா?

பலரும் சறுக்கும் இடம் இது. வேதனையில் உடனே வேறு மேஸ்திரியை வைத்து எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து நுகர்வோர் ஆணையத்தில், "என் வேலை நன்றாகத்தான் இருந்தது, இவர்கள் பிரித்துக் கெடுத்தார்கள்" என்கிறார் ஒப்பந்ததாரர். மறுக்க நம்மிடம் எதுவும் இருப்பதில்லை.

தற்காலிகமாகத் தடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தார்ப்பாய் போடுங்கள், பொருள்களை நகர்த்துங்கள். ஆனால் நிரந்தரமாகப் பிரிக்கும் முன் மூன்றைச் செய்துவிடுங்கள்.

படம், காணொளி எடுங்கள். ஒழுகும்போதே, தேதி தெரியும்படி எடுங்கள். சுவரில் ஓதம் ஏறியிருந்தால் பக்கத்தில் ஓர் அளவு நாடாவை நீட்டி வைத்து எடுங்கள். என் வீட்டில் நான் எடுத்த ஒரே ஒரு படம்தான் பிறகு பெரிதும் பயன்பட்டது. இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஒரு கையகலம் ஏறியிருக்க வேண்டும். அங்கே இரண்டு விரல் அகலம்கூட இல்லை. பக்கத்தில் என் கையை வைத்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால், கட்டுமானம் தெரியாதவருக்கும் புரியும்.

அடுத்து, சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை அழைத்து, குறை என்ன, காரணம் என்ன, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். அவர் பதிவு பெற்றவராக இருப்பது நல்லது.

மூன்றாவதாக, "இன்ன தேதியில் பிரிக்கப்போகிறோம், அதற்குள் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒப்பந்ததாரருக்கு எழுதுங்கள். வழக்குப் போட்ட பிறகானால், வழக்கறிஞர் ஆணையர் ஒருவரைப் பொறியாளருடன் அனுப்பிப் பார்வையிடச் சொல்லி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். அந்த அறிக்கைக்கு மிகுந்த எடை உண்டு.

எது குறை, எது இயல்பு? "மலையில் ஓதம் இருக்கத்தான் செய்யும்" என்கிறாரே?

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து மலையில் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று எண்ணினால் மனம் கொதிக்கிறது. மலையில் குளிர் உண்டு, மூடுபனி உண்டு, ஜன்னல் திறக்காத அறையில் பூசணம் பூக்கும். அது இயல்பு. தரையிலிருந்து சுவரில் முழங்கால் உயரம் ஓதம் ஏறுவதும், புதிய பூச்சு விரல் பட்டால் உதிர்வதும், மழைக்கு மழை ஒரே இடத்தில் ஒழுகுவதும் இயல்பல்ல. மலையில் மழை அதிகம் என்று தெரிந்துதானே அவர் வேலையை ஒப்புக்கொண்டார்?

கான்கிரீட்டிலும் குளிரைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்த மரங்களை 7 நாள் கழித்தும், அதற்கு மேல் அகலமானால் 14 நாள் கழித்தும் எடுக்கலாம் என்கிறது. ஆனால் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இரவில் 15 டிகிரிக்குக் கீழே போகாத நாள்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மார்கழியிலும் தையிலும் புல்லில் உறைபனியே விழுகிறது. மேட்டுப்பாளையத்தில் சென்ட்ரிங் பிரிக்கும் கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து ஏழாம் நாள் பிரித்தால், தளம் தொங்குவதற்கும் மயிரிழை விரிசல் விடுவதற்கும் அவரே பொறுப்பு. சென்ட்ரிங் போட்ட நாளையும் பிரித்த நாளையும் காலண்டரில் எழுதி வையுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

தடுப்புச் சுவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னால் மண் அணைந்திருக்கும் சுவரில், ஊறி வரும் தண்ணீர் வெளியேற இடைவெளி விட்டுக் குழாய்கள் வைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் மண்ணோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். அடைமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். குழாய்களில் தண்ணீர் வழிந்தால் சுவர் மூச்சுவிடுகிறது. குழாய் வறண்டிருந்து சுவரின் முகம் ஈரமாக வீங்கியிருந்தால் அன்றைக்கே பொறியாளரை அழையுங்கள். 2009 நவம்பர் நிலச்சரிவுகளை நீலகிரி மறக்கவில்லை. 2024 பிப்ரவரியில் லவ்டேல் அருகே வீட்டுக் கட்டுமானம் நடந்த இடத்தில் கட்டடம் இடிந்து விழுந்து, கூலி வேலைக்குப் போன ஆறு பெண்கள் மாண்டதையும் மறக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் யாருடைய முகத்துக்காகவும் பொறுத்துப் போகாதீர்கள்.

குளியலறைக் குழாயைத் தொட்டால் கூச்சம்போல ஷாக் அடிக்கிறது. வயரிங் செய்தவர் "எர்த் சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார்.

கீசரின் மெயினை அணைத்துவிட்டு, பிறகு மேலே படியுங்கள். மலை வீடுகளில் ஆண்டு முழுக்கக் கீசரும் ஹீட்டரும் ஓடுகின்றன. சுவர் ஈரம், தரை ஈரம். இங்கே மின்கசிவு சின்னக் குறை அல்ல. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி பலகையில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள்.

உரிமத்தின் மேல் நேரடியாகக் கை வைக்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் என்றால், உரிம எண்ணைக் குறிப்பிட்டு, சென்னை கிண்டியில் உள்ள மின் உரிம வாரியத்தின் செயலாளருக்கும், உங்கள் பகுதி மின் ஆய்வாளருக்கும் எழுதுங்கள். இன்னொரு உரிமம் பெற்றவரிடம் எர்த் சோதனை செய்து, அந்த அறிக்கையை இணையுங்கள். விளக்கம் கேட்கவும், உரிமத்தை நிறுத்திவைக்கவும், ரத்து செய்யவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. உரிமமே இல்லாதவரை அனுப்பி வேலை செய்திருந்தால் அதையும் தவறாமல் எழுதுங்கள்.

பொறியாளர் மீதோ ஆர்கிடெக்ட் மீதோ புகார் என்றால்?

பதிவு பெற்ற பொறியாளர் என்றால், அவரைப் பதிவு செய்த அலுவலகத்துக்கும் வரைபட அனுமதி தந்த நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சிக்கும் எழுத வேண்டும். ஆர்கிடெக்ட் என்றால் டெல்லியில் உள்ள கட்டடக்கலை மன்றம். தொழில் ஒழுக்கம் தவறியது நிரூபணமானால் மன்றம் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். வரைந்து கொடுத்ததோடு அவர் வேலை முடிந்ததா, மேற்பார்வைக்கும் பணம் வாங்கினாரா என்பதைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. மேற்பார்வைக் கட்டணம் கொடுத்த ரசீதைத் தேடி எடுங்கள்.

உரிமத்தை ரத்து செய்தால் என் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. உரிம வாரியமும் மன்றமும் தொழிலரைத் தண்டிக்கும், உங்கள் கூரையைச் சரிசெய்து தராது. பணத்துக்கும் சரிசெய்வதற்கும் நுகர்வோர் ஆணையம்தான் வழி. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம், ஒன்று முடியட்டும் என்று இன்னொன்றை நிறுத்த வேண்டியதில்லை. எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும், அவ்வளவுதான். "அவரை விடக் கூடாது" என்ற கோபம் ஒரு மனுவுக்கும், "என் வீடு ஒழுகக் கூடாது" என்ற தேவை இன்னொரு மனுவுக்கும் போகட்டும்.

ரெரா என்ற ஆணையத்துக்குப் போகலாமா?

பழுதுபார்ப்புக்கு முடியாது. ரெரா என்பது மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ஆம் ஆண்டின் சட்டம். அது வீடு கட்டி விற்பவர்களுக்கானது. விற்பனையோ விளம்பரமோ இல்லாத புதுப்பிப்பு, பழுதுபார்ப்பு வேலையைச் சட்டமே வெளியே வைத்திருக்கிறது. அதில் பதிவு பெற்ற திட்டத்தில் வீடு வாங்கியவர்களுக்கு மட்டும், கட்டமைப்புக் குறையை ஐந்து ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தரச் சொல்லும் உரிமை உண்டு.

நுகர்வோர் ஆணையத்தில் எப்படி வழக்குப் போடுவது? வக்கீல் வேண்டுமா?

வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தைச் "சேவை" என்றே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எனவே அரைகுறை வேலை "சேவைக் குறைபாடு" ஆகிறது.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு மாவட்ட ஆணையம் உதகமண்டலத்தில் இருக்கிறது. கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி மக்களுக்குத் திண்டுக்கல்லில். ஒப்பந்ததாரர் கோயம்புத்தூர்க்காரராகவோ மதுரைக்காரராகவோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் இல்லாத இந்த வசதி மலைவாசிகளுக்குப் பெரிய வரம். மலை இறங்க முடியாத முதியவர்கள், காணொளி மூலம் விசாரிக்கும்படி மனு கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே வழக்கைப் பதிவு செய்யலாம்.

வேலைக்காக நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணமும் அந்தத் தொகையைப் பொறுத்ததே: 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000.

காலக்கெடு இரண்டு ஆண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். "அடுத்த மழைக்குப் பார்க்கலாம், அதற்கடுத்த மழைக்குப் பார்க்கலாம்" என்று இரண்டு ஐப்பசி கடந்துபோய்விட்டால் சிக்கல். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் வரை அவகாசம் தரலாம். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. எனவே ஒவ்வொரு நாளையும் எண்ணுங்கள்.

மனுவில் என்ன வேண்டும் என்பதைக் கணக்காகக் கேளுங்கள்: சரிசெய்ய ஆகும் செலவு, நனைந்து கெட்ட பொருள்களின் மதிப்பு, பொறியாளர் கட்டணம், மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு. "தகுந்த இழப்பீடு" என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். பேச்சுவார்த்தையில் முடிவதும் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள்.

ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. பணத்தையும் கையில்தான் கொடுத்தேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. நிரூபிப்பதுதான் கடினம். எனவே சிதறிக் கிடப்பதைச் சேருங்கள்: வங்கியிலிருந்து பணம் எடுத்த நாள்கள், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய மதிப்பீடு, "சிமெண்ட் வந்துவிட்டதா" என்ற சாதாரணக் குரல் செய்தி, கடைக்காரர் உங்கள் வீட்டு முகவரிக்குப் போட்ட ரசீது, மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த லாரிக்காரரின் சீட்டு, சாலையிலிருந்து வீடு வரை மூட்டை சுமந்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கு. கணக்கு எழுதிய பழைய டைரியையும் எடுங்கள். கைப்பேசியை மாற்றிவிடாதீர்கள். அதிலுள்ள செய்திகளைத் தாக்கல் செய்யும்போது, 2023 ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய சட்டம் 63 ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைப்பது நல்லது.

இப்போதும் தாமதமில்லை. "நாம் பேசியபடி மொத்தம் இவ்வளவு, நான் கொடுத்தது இவ்வளவு" என்று இன்றே அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் மறுக்காமல் வேறு பதில் எழுதினால், அதுவும் ஒரு சான்று.

பழுதுபார்க்கும்போது அனுமதி இல்லாமல் ஓர் அறையை நீட்டிவிட்டோம். புகார் கொடுத்தால் நமக்கே வினையாகுமா?

ஆகலாம், மறைப்பதற்கில்லை. மலைப்பகுதிக் கட்டட விதிகள் சமவெளியைப் போல் அல்ல. கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. மண்ணை வெட்ட இயந்திரம் கொண்டுவருவதற்கும் நீலகிரியில் கட்டுப்பாடு உண்டு. 2019 இல் கொடைக்கானலில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி விதிமீறிய கட்டடங்களுக்கு நகராட்சி வரிசையாகச் சீல் வைத்ததை எல்லோரும் பார்த்தோம்.

"அனுமதி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒப்பந்ததாரர் சொல்லியிருந்தாலும், அலுவலகத்தின் நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். முதலில் ஒரு பொறியாளரிடம் காட்டி, நீட்டிய பகுதியை முறைப்படுத்த முடியுமா என்று பாருங்கள். புகாரை, அனுமதி தேவைப்படாத பழைய பகுதியில் செய்த மோசமான வேலையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். அனுமதிக்கென்று அவர் தனியாகப் பணம் வாங்கியிருந்தால் அது வேறு கதை, அந்தச் சான்றைக் கண்டிப்பாகச் சேருங்கள்.

அவர் எங்கள் ஹட்டிக்காரர், அதாவது எங்கள் படகர் ஊர்க்காரர், உறவினரும்கூட. புகார் கொடுத்தால் ஊரில் பேச்சு வராதா?

வரும். ஒரு கோத்தகிரி அம்மா இதைக் கேட்டபோது, உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் எதிரெதிரே நிற்க வேண்டியவர்கள் இவர்கள்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவதில் தவறில்லை, பல நேரம் அதுவே சீக்கிரம் முடியும். ஆனால் பேசி முடித்ததைத் தாளில் எழுதி, தேதி போட்டு, நீங்களும் அவரும், பெரியவர்கள் இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த அம்மாவிடமும் இதையே சொன்னேன். "சித்தப்பா, உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, மறதிக்காகத்தான்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். இரண்டு வாரத்தில் குளியலறைத் தரையைப் பிரித்து, தண்ணீர் வடியும்படி வாட்டம் சரிசெய்து கொடுத்துவிட்டார் அந்தச் சித்தப்பா. எழுத்தில் இருந்ததால் அவருக்கும் அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது.

போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பணம் வாங்கிக்கொண்டு வேலையையே தொடங்காமல் மறைந்துவிட்டார், போலி உரிமம் காட்டினார் என்றால் கொடுக்கலாம். வேலை செய்தார், மோசமாகச் செய்தார் என்றால் அது உரிமையியல் விவகாரம் என்றுதான் காவல் நிலையத்தில் சொல்வார்கள், அது சரியான பதிலும்கூட.

மீதிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆள்களை அழைத்துவந்து மிரட்டுகிறார்.

குறைக்கு ஈடான தொகையை நிறுத்துவதில் நியாயம் உண்டு. ஐயாயிரம் ரூபாய்க் குறைக்கு ஒரு லட்சத்தை நிறுத்தினால் நீங்கள்தான் தவறு செய்தவர் ஆவீர்கள். பொறியாளர் மதிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி, மீதியை வங்கி வழியாகச் செலுத்தி, ஏன் நிறுத்தினேன் என்று எழுதி அனுப்புங்கள். கூலியாள்களுக்கு அவர் பாக்கி வைத்திருந்தால் அது இந்தச் சண்டையில் மறைந்துபோகக் கூடாது. சித்தாள் பெண்ணின் வாரக் கூலி உங்கள் கூரைத் தகராறில் பிணைப்பொருள் அல்ல. மிரட்டலுக்குத்தான் காவல் நிலையம், அதற்குத் தயங்காமல் போங்கள்.

அடுத்த முறை இப்படி நடக்காமல் ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

வேலை விவரம், பொருளின் பெயர், தகட்டின் கனம், தவணைகள், முடிவு நாள் எல்லாம் எழுதுவீர்கள். மலையில் இன்னொன்றும் எழுதுங்கள்: மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு மழையும் கடந்த பிறகு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடித் தென்மேற்கு மழைதான் கூரையைச் சோதிக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் குறை அந்த மழையில்தான் தெரியும். பிப்ரவரி வெயிலில் ஒப்படைத்த கூரைக்கு மார்ச்சில் முழுப் பணமும் கொடுத்தால், என்னைப் போல வாளி வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நல்ல ஒப்பந்ததாரர்கள் இந்த வரிக்கு மறுப்புச் சொல்வதில்லை. இதற்குப் பின் நான் வேலை கொடுத்த மேஸ்திரி, படித்துப் பார்த்துவிட்டு, "மழையில் நானே வந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் அக்கா" என்றார். வந்தும் பார்த்தார்.

ஆணையம் எனக்குச் சாதகமாக உத்தரவிட்டுவிட்டது. ஆனாலும் அவர் பணம் தரவில்லை.

முதலில், அவர் மேல்முறையீடு செய்தாரா என்று பாருங்கள். மாநில ஆணையத்துக்குப் போக அவருக்கு 45 நாள் உண்டு, ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அப்படிப் போகவில்லை என்றால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். சட்டத்தின் 71 ஆம் பிரிவுப்படி, அந்த உத்தரவை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம், சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். 72 ஆம் பிரிவு, உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இரண்டு பிரிவுகளிலும் மனு கொடுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகல், அதை அவருக்கு அனுப்பிய தபால் அத்தாட்சி, அவருடைய வீட்டு முகவரி, வண்டி எண், தெரிந்த சொத்து விவரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.